முப்பத்தெட்டுப் பேர் எழுதிய மஞ்சள்

அத்தியாயம் பதினொன்று

எடிட்டர் மறுபடியும் காலையில் எழுந்து ஷேவ் செய்துகொள்ள ஆரம்பித்துவிட்டார் என்ற சந்தோஷத்தோடு போன வாரம் அந்த வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தோம். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரே வாரம்தான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இந்த வாரம்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டீச்சர் பத்தாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள். எடிட்டர் அவளுடைய கணவர். பத்தொன்பது வருஷம் ஒரு டி.வி. சேனலில் படங்களை வெட்டி ஒட்டுகிற வேலை பார்த்தவர். ஒரு நாள் செய்தியில் ஒருவர் முகத்துக்கு இன்னொருவர் குரலை ஒட்டிவிட்டார். வேலை போயிற்று. போனதை வீட்டில் சொல்ல வாய் வராமல், ஒன்பது நாள் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போய் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். டீச்சரின் வகுப்பிலேயே படிக்கிற மகள்தான் கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் நாலு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான்.

அவரை எழுப்பியது தனிம அட்டவணை.

டீச்சரின் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டம் கட்டமான அட்டவணையைக் கண்டாலே கொட்டாவி வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள், "அறிவியல் ஆவணப்படமெல்லாம் இலவசமாவே கிடைக்குது. ஆனா ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம், பேசறதும் பிள்ளைங்களுக்குப் புரியல. எட்டு நிமிஷமா வெட்டி, தமிழ்ல பேசித் தர ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்கும்" என்று படுத்திருந்த முதுகிடம் சொல்லிவைத்தாள். மறுநாள் அவள் பள்ளியிலிருந்து வந்தபோது எடிட்டர் துணி அலமாரிக்குள் தலையை விட்டு, சுற்றிலும் போர்வையைத் தொங்கவிட்டு, மைக்கில் "லித்தியம்... லித்தியம்..." என்று வேறுவேறு குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் படம் போன புதன்கிழமை வகுப்பில் ஓடியது. அட்டவணையின் முதல் நெடுவரிசையில் இருக்கும் உலோகங்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போடுகிற படம். சோடியம் புகைந்துகொண்டு ஓடி, பிறகு எரிந்தது. பொட்டாசியம் பட்டென்று தீப்பிடித்தது. பிள்ளைகள் கை தட்டிய தட்டில் பக்கத்து வகுப்பு சார் எழுந்து வந்துவிட்டார்.

இன்று அடுத்த புதன்கிழமை.

முதல் பீரியட் டீச்சருக்கு வகுப்பு இல்லை. ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, படத்தை வைத்து நடத்திய சின்னத் தேர்வின் தாள்களைத் திருத்தத் தொடங்கினாள். மூன்றாவது கேள்வி: பொட்டாசியத்தின் சுடர் என்ன நிறம்?

முதல் தாள், மஞ்சள். கவனக்குறைவு என்று தவறு போட்டாள். இரண்டாவது, மஞ்சள். மூன்றாவதும். பத்தாவது தாளில் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மற்ற தாள்களில் அந்த ஒரு கேள்வியை மட்டும் புரட்டிப் பார்த்தாள். நாற்பத்தோரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் மஞ்சள். இரண்டு பேர் ஒன்றும் எழுதவில்லை. ஒரே ஒரு தாளில் மட்டும் ஊதா. அந்தக் கையெழுத்தை அது அ, ஆ எழுதிய நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

நேராக ஆய்வகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படத்தைப் போட்டாள். இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சோடியம் மஞ்சளாக எரிந்தது. அடுத்து பொட்டாசியம். அதுவும் மஞ்சளாக, அதே மஞ்சளாக, துளிக்கூட வித்தியாசம் இல்லாமல் எரிந்தது.

படத்தை அங்கேயே நிறுத்தினாள்.

இருபது வருஷமாக ஒரு எடிட்டரோடு குடித்தனம் நடத்துகிறவள். என்ன நடந்திருக்கும் என்று சொல்ல அவளுக்கு ஜோசியம் வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு காட்சிகளில் நிறம் மாறி இருந்தால் எடிட்டருக்குப் பொறுக்காது. கல்யாண ஆல்பத்தில்கூட, 'இந்தப் பக்கம் நீ சிவப்பா இருக்கே, அந்தப் பக்கம் கறுத்துட்டே' என்று உட்கார்ந்து சரி செய்தவர். ஊதாவைப் பார்த்ததும் கேமரா பிசகிவிட்டது என்று நினைத்து, பக்கத்துக் காட்சியோடு நிறத்தைச் சமன் செய்துவிட்டார். அழகாகச் செய்திருந்தார். அதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, அவள் ஏன் கவனிக்கவில்லை? 'நிறத்தைப் பேச்சுல சொல்லாதீங்க, பிள்ளைங்களே பார்த்து எழுதட்டும்' என்று எடிட்டருக்குச் சொன்னதே அவள்தான். படம் தயாரானதும் வீட்டில் அவர் போட்டுக் காட்டினார். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "பிரமாதம், பிரமாதம்" என்றாள். வகுப்பிலோ அவள் திரையைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் மதிப்பெண் பட்டியல் கொடுக்க வேண்டும். மறைத்து வைக்கிற விஷயமில்லை. தாள் கட்டை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்கு அவளே போனாள்.

பிரின்சிபால் மேடம் கணக்கு டீச்சராக இருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். தாள்களை எண்ணி, மேல் தாளில் 'மஞ்சள் 38' என்று குறித்தார்.

"முப்பத்தெட்டு. காப்பி அடிச்சாக்கூட இவ்வளவு ஒத்துமையா அடிக்க மாட்டாங்களே டீச்சர்?"

"காப்பி இல்ல மேடம். படத்துல அப்படித்தான் இருக்கு."

"படம் தப்பா?"

"ஆமா மேடம்."

"வெட்டினது யாரு?"

"பார்த்து சரின்னு சொன்னது நான் மேடம்."

"நான் அதைக் கேக்கல." மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "சரி விடுங்க. கடைசி பீரியட் நான் வந்து பின்னாடி உக்கார்றேன். பிள்ளைங்க மனசுல பதிஞ்ச மஞ்சளை எப்படி எடுக்கறீங்கன்னு பார்க்கறேன். எடுக்க முடியலேன்னா புரொஜெக்டரைக் கட்டி மேல வெச்சிட்டுப் புஸ்தகத்தைத் திறங்க. படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

நியாயமான பேச்சு. டீச்சருக்கு எதிர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் நினைத்தது புரொஜெக்டரைப் பற்றி இல்லை. படம் நின்றால் எடிட்டர் நாளைக் காலை எதற்காக எழுந்திருப்பார்? அதுவும் இன்னொரு தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்த பிறகு?

மதிய இடைவேளையில் மகளை மாடிப்படியில் பிடித்தாள். பள்ளிக்கூடத்தில் அம்மாவை 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது இருவருக்கும் உள்ள ஒப்பந்தம். கோபமோ அழுகையோ வந்தால் மட்டும் ஒப்பந்தம் ஆட்டம் காணும்.

"நீ மட்டும் ஊதான்னு எழுதியிருக்கே."

"புக்ல அப்படித்தானே மிஸ் இருக்கு."

"படம் ஓடும்போதே தப்புன்னு தெரிஞ்சுதா?"

மகள் படிக்கட்டின் கைப்பிடியைச் சுரண்டினாள். "தெரிஞ்சுது."

"ஏண்டி சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? அப்பாகிட்டயா? அன்னைக்கு ஜன்னலுக்கு வெளிய நின்னு பார்த்துட்டிருந்தார். எல்லாரும் கை தட்டினப்போ அவர் மூஞ்சியை நீ பார்க்கல மிஸ். நான் பார்த்தேன்." கைப்பிடியை விட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். "அவர்கிட்ட சொல்லிடாதம்மா. மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துடுவார்."

டீச்சருக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. படியில் எட்டாம் வகுப்பு கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்ததால் தலையில் ஒரு தட்டுத் தட்டியதோடு நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லல. பொட்டாசியம் உப்பை நேர்லயே எரிச்சுக் காட்டிடறேன். படத்துல நிறம் கொஞ்சம் மாறி வந்துடுச்சுன்னு பொதுவா சொல்லிட்டு விட்டுடறேன். வீட்டுல பேச்சே எடுக்க வேண்டாம். சரியா?"

"சரி மிஸ்."

திட்டம் கச்சிதம். ஒரே ஒரு ஓட்டை. புதன்கிழமைதோறும் அடுத்த படத்தை எடிட்டரே கையோடு கொண்டுவந்து தருவதாக ஏற்பாடு. கவலையில் அம்மாவும் மகளும் அதைச் சுத்தமாக மறந்துபோனார்கள்.

கடைசி பீரியட். ஆய்வகத்தில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, பர்னரைப் பற்றவைத்து, டீச்சர் நிமிர்ந்தபோது எடிட்டர் வாசலில் நின்றார். தோளில் லேப்டாப் பை. இஸ்திரி போட்ட சட்டை.

"வரலாமா டீச்சரம்மா?"

பிள்ளைகள் "அங்கிள்!" என்று கத்தினார்கள். மகளின் முகத்தில் ஈயாடவில்லை. எடிட்டர் நேராகப் போய்ப் பின்வரிசையில் பிரின்சிபாலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "வணக்கம் மேடம். இந்த வாரப் படம் போன வாரத்தைவிட பளிச்சுன்னு வந்திருக்கு" என்றார். மேடம் தலையை மட்டும் அசைத்தார்.

இனி பின்வாங்க முடியாது.

"போன வாரம் படத்துல பார்த்ததை இன்னைக்கு நேர்ல பார்க்கப் போறோம்" என்றாள் டீச்சர். பொட்டாசியம் உப்பைக் கண்ணாடித் தட்டில் கொட்டினாள். கம்பியின் நுனியை அதில் தொட்டு, சுடருக்குள் நீட்டினாள்.

பளீரென்று எரிந்தது. மஞ்சளாக.

"மஞ்சள்!" வகுப்பே கூவியது. எங்கே நின்றாலும் குரல் தெருவரை கேட்கும் என்பதால் 'மைக்' என்று பெயர் வாங்கிய பையன் ஸ்டூலில் ஏறி நின்றுவிட்டான். "மிஸ், எங்களுக்கு முழு மார்க் குடுங்க!"

ஒரே சிரிப்பு. எடிட்டர் பிரின்சிபால் பக்கம் குனிந்து பெருமையாகச் சொன்னது டீச்சருக்குக் கேட்டது. "நம்ம படத்துல இருக்கற அதே நிறம் மேடம்."

டீச்சருக்கு எது நடந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. காலையிலிருந்து வியர்த்துக் கொட்டிய கையால் கம்பியைத் துடைத்திருக்கிறாள். விரலில் இருக்கிற உப்பு போதும். அதில் உள்ள சோடியம் ஒரு துளி பட்டால் அதன் மஞ்சள் மற்ற நிறங்களை அமுக்கிவிடும். அப்படி நேர்ந்தால் பார்ப்பதற்காகவே அந்த ஆய்வகத்தில் ஒரு நீலக் கண்ணாடித் துண்டு உண்டு. மஞ்சளை வடிகட்டிவிட்டு, அடியில் ஒளிந்திருக்கிற ஊதாவை மட்டும் விடும். அது அப்போது அவளுடைய இடது கையில்தான் இருந்தது.

அதை நீட்டாமல் இருந்தால்?

பர்னரை அணைத்துவிட்டு, 'பார்த்தீங்களா' என்று சொன்னால் போதும். எடிட்டர் தப்பித்தார். மேடத்துக்கு வேதியியல் தெரியாது, காலையில் நான்தான் குழம்பிவிட்டேன் என்றால் ஏற்றுக்கொள்வார். மூன்றாவது வரிசையிலிருந்து மகள் கண்ணாலேயே 'வேண்டாம் வேண்டாம்' என்று கெஞ்சினாள். இன்னொரு பக்கம் நாற்பது பிள்ளைகள் மஞ்சள் என்று நம்பிப் பொதுத் தேர்வுக்குப் போகும்.

டீச்சர் என்றால் பாடம்தான் முதல், குடும்பம் அப்புறம் என்று நான் எழுதினால் அது கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் பொய். அந்த நிமிஷம் அவளுக்கு எடிட்டரின் இஸ்திரிச் சட்டைதான் கண்ணை நிறைத்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த ரயில் நிலையத்து பெஞ்ச் ஞாபகம் வந்தது. ஒன்பது நாள் இந்த மனிதர் ஏன் மறைத்தார்? அவளாலும் மகளாலும் தாங்க முடியாது என்று நினைத்து. இப்போது அவளும் மகளும் சேர்ந்து செய்வது என்ன? அதையேதான். அவரைத் தாங்கத் தெரியாதவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவருக்கு அதைவிட அவமானம் வேறென்ன வேண்டும்?

"கத்தினது போதும், எல்லாரும் உக்காருங்க" என்றாள். "ஒரு விஷயம் சொல்லணும். போன வாரப் படத்தை நான் கண்ணால பார்க்கவே இல்ல. பேப்பர் திருத்திக்கிட்டே காதால கேட்டுட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். தப்பு பண்ணிட்டேன். இப்போ ஒவ்வொருத்தரா வந்து இதன் வழியா அதே சுடரைப் பாருங்க."

கம்பியை மறுபடி உப்பில் தொட்டு நீட்டினாள். மைக் முதல் ஆளாக ஓடிவந்து நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தான். முதல் முறையாக அவன் குரல் இறங்கியது. "ஐயோ... ஊதா."

வரிசை நீண்டது. பார்த்தவர்கள் மறுபடியும் வரிசையில் போய் நின்றார்கள். பிரின்சிபாலும் வந்து பார்த்தார். கடைசியாக எடிட்டர் வந்தார்.

கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்தவர் ரொம்ப நேரம் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருக்கு மிக அருகில் நின்றாள். அவர் மூச்சுவிடுவது கேட்டது.

"ஒரிஜினல்ல இந்த நிறம்தான் இருந்துச்சு" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நான்தான் மாத்தினேன்." அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "முந்தின ஷாட்ல சோடியம் மஞ்சளா எரியுது. அடுத்ததும் அப்படியே இருந்தாத்தான் கண்ணுக்கு உறுத்தாது. கேமராக்காரன் சொதப்பிட்டான், நாம சரி பண்ணிடுவோம்னு நெனச்சேன். அவன் சொதப்பல. நான்தான் சொதப்பினேன். உங்க மிஸ் மேல தப்பில்ல."

மைக்தான் யோசித்துவிட்டுக் கேட்டான். "அங்கிள், அப்போ நீங்க எந்த நிறத்தைக் காட்டினாலும் நாங்க நம்பிடுவோமா?"

"நம்பிட்டீங்களே. முப்பத்தெட்டு பேரோ என்னவோ..."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மேடம் மடியில தாள் கட்டு இருந்துச்சே. மேல எழுதியிருந்துச்சு" என்றார் எடிட்டர்.

அப்புறம் நடந்ததுதான் அந்த வருஷத்திலேயே நல்ல வகுப்பு. அவர் லேப்டாப்பைத் திறந்து, பழைய காட்சியையும் தான் மாற்றிய காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். விரலால் ஒரு கோட்டை இழுத்ததும் ஊதா மெல்ல வெளிறி மஞ்சளானது. அதைப் பழைய இடத்துக்குத் திரும்ப நகர்த்தியதும் ஊதாவானது. பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். மகள் எல்லோரையும் இடித்துக்கொண்டு போய் அப்பா பக்கத்தில் இடம் பிடித்தாள். மணி அடித்து ஆறு நிமிஷம் ஆகியும் யாரும் பையைத் தொடவில்லை.

பிரின்சிபால் தாள் கட்டை டீச்சரிடம் நீட்டினார். "புரொஜெக்டர் இருக்கட்டும். ஆனா இனிமே ஒவ்வொரு படத்தையும் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறீங்க. கண்ணால பார்த்துட்டு." பிறகு எடிட்டரிடம் திரும்பினார். "நீங்க படத்தைக் குடுத்துட்டு ஓடிப் போறதெல்லாம் கிடையாது. உக்காந்து பாடம் கேளுங்க. எதைத் திருத்தக் கூடாதுன்னு தெரியணுமில்ல?"

"வர்றேன் மேடம்" என்றார் எடிட்டர், பத்தாம் வகுப்புப் பையன் மாதிரியே.

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். எடிட்டர் பேசவில்லை. ஒரு தெரு தாண்டியது. இரண்டாவது தெருவும் பாதி போயிற்று. மகள் அம்மாவின் கையை இடித்தாள். டீச்சருக்குப் பழைய பயம் மெல்லத் தலைதூக்கியது.

"கோபமா?"

"இல்ல."

"பின்ன ஏன் உம்முன்னு வர்றீங்க?"

சிக்னல் முனையில் அவர் நின்றார். "குளோரின் வாயு என்ன நிறம்?"

"வெளிறின மஞ்சள் பச்சை. ஏன்?"

"ஜாடி அழுக்கா இருக்குன்னு நெனச்சேன்" என்றார். "பளிச்சுன்னு வெள்ளையாக்கிட்டேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரல் வழியாக வெளியே வந்தது. டீச்சருக்கும் அடக்க முடியவில்லை. "இந்த வாரப் படம்தானே? இன்னும் போடலையே. ராத்திரி மாத்திடுங்க."

"வகுப்புல போடல."

"வேற எங்க போட்டீங்க?"

அவர் சிக்னல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பாடப் படப் போட்டின்னு ஒரு விளம்பரம் வந்துச்சு. உன் பேர்ல அனுப்பி வெச்சேன். உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு. காலையில போன் பண்ணினாங்க. தேர்வாயிடுச்சாம். வெள்ளிக்கிழமை உன்னைப் பேட்டி எடுக்க வர்றாங்களாம்."

"வெள்ளையா இருக்கற குளோரினுக்கா?"

"அவங்களும் காதாலதான் கேட்டிருப்பாங்க" என்றாள் மகள்.

"சொல்லாம விட்டுடலாமான்னு பார்த்தேன்" என்றார் எடிட்டர். "முடியல."

டீச்சர் கோபப்பட வேண்டிய இடம். அவளுக்குக் கோபம் வரவில்லை. கண்தான் நிறைந்துகொண்டு வந்தது. ஒன்பது நாள் வாயைத் திறக்காத மனிதர், ஒன்றரைத் தெருவில் சொல்லிவிட்டாரே என்று நடுரோட்டில் அவரைக் கொஞ்சத் தோன்றியது.

"நம்பர் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. நீ பேசறியா?"

"நீங்க பேசுங்க."

அவர் அவளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், போனை எடுத்தார். "வணக்கம்ங்க. குளோரின் படம் சம்பந்தமா பேசறேன். அதைப் பண்ணினது என் மனைவி இல்ல, நான்தான். அதுல ஒரு தப்பு இருக்கு. என் தப்பு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ பேசினார்கள். நீளமாகப் பேசினார்கள். எடிட்டரின் புருவம் மேலே ஏறியது. "ஆமா, சேனல்லதான்... பத்தொன்பது வருஷம்... ஆமா, அந்தக் குரலை மாத்தி ஒட்டினதும் நான்தான்" என்றார்.

"என்ன சொல்றாங்க?" டீச்சர் அவர் சட்டைக் கையை இழுத்தாள்.

அவர் போனை உள்ளங்கையால் மூடினார். "தப்பைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. என் பேரைக் கேட்டாங்க. லைன்லயே இருங்கன்னு சொல்லிட்டு யாரையோ கூப்பிடப் போயிருக்காங்க."

"யாரை?"

"தெரியல."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் நின்றவர்கள் அவர்களை விலக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்கள். மூன்று பேரும் அந்த ஒரு போனைச் சுற்றி, தலையோடு தலை முட்ட, நடைபாதையிலேயே நின்றார்கள்.